மறு: டயர் தரையில் பதியும் இடத்துக்கு என்ன பெயர்? (‘தொடுபரப்பு’ வேண்டாம் என்கிறேன்)

கார்ச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். ‘காண்டாக்ட் பேட்ச்’ என்பதற்கு நேராகத் ‘தொடுபரப்பு’ என்று போட்டுவிட்டு, இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். இருக்கிறது ஐயா. அவர் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

> அகலமான டயர் போட்டால் தொடுபரப்பு கூடும். பரப்பு கூடுவதால் பிடிமானம் கூடும். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அகல டயர் போடுவது இதனால்தான்.

பரப்பு என்று பெயர் வைத்தவுடனே, அகலத்தைக் கூட்டினால் பரப்பும் கூடும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. என் கடைக்கு அலாய் வீலோடு வந்து நிற்கும் கோயம்புத்தூர்ப் பையன்கள் எல்லோரும் சொல்லும் கணக்கும் இதுதான். உண்மை வேறு மாதிரி இருக்கிறது.

காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஓட்டுநரையும் சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 300 கிலோ. காற்று 32 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. 300 கிலோவைத் தாங்க 133 சதுர சென்டிமீட்டர் தரையில் பட்டால் போதும். டயர் தரையைத் தொடும் அகலம் 17 சென்டிமீட்டர் என்றால் நீளம் 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதையே 21 சென்டிமீட்டர் ஆக்கினால் நீளம் 6.3 ஆகச் சுருங்கிவிடும். பரப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது, வடிவம்தான் மாறுகிறது. டயரின் உடம்பு விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் போகிற திசை இதுதான்.

(டயரின் பக்கவாட்டில் 185 என்று அச்சிட்டிருப்பது ஒரு சைடுவாலிலிருந்து (டயரின் பக்கச் சுவர்) மறு சைடுவால் வரைக்குமான அகலம், மில்லிமீட்டர் கணக்கில். தரையைத் தொடும் பட்டையின் அகலம் அதைவிடக் குறைவு. இதைத் தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.)

நம்ப முடியாதவர்களுக்குக் கடையிலேயே காட்டுவேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) மேல் கரிமையும் எண்ணெயும் குழைத்துப் பூசி, அடியில் அட்டைப்பெட்டிக் காகிதம் வைத்து, மெதுவாக இறக்கி மறுபடி தூக்க வேண்டும். காகிதத்தில் டயர் தன் வடிவத்தை எழுதிவிடும். ஒல்லியான டயர் எழுதுவது முன்பின்னாக நீண்ட பதிவு. அகல டயர் எழுதுவது குறுக்கே படுத்த, குட்டையான பதிவு. காற்று கூடுதலாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் அழுத்தமாக விழும், ஓரப் பட்டன்கள் மங்கலாக இருக்கும். குறைவாக இருந்தால் ஓரம் கருத்து, நடு வெளிறும். அட்டையைக் கையில் கொடுத்த பிறகு பையன்கள் பரப்பைப் பற்றிப் பேசுவதில்லை. “அண்ணா, எது நீளம், எது குட்டை?” என்றுதான் கேட்கிறார்கள்.

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் காருக்கு அகல டயர் எதற்கு என்று கேட்பீர்கள். காரணங்கள் இருக்கின்றன, ஆனால் பரப்புக் கணக்கு அவற்றில் ஒன்றல்ல. ரப்பர், பள்ளிக்கூட உராய்வு விதிக்குக் கட்டுப்படாத பொருள். எடையை ஏற்ற ஏற்ற அதன் பிடிமானம் கூடத்தான் செய்யும், ஆனால் எடை கூடும் அதே விகிதத்தில் கூடாது. வளைவில் எடையில் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழும்போது, அழுத்தத்தைச் சீராகப் பரப்பித் தாங்கும் டயருக்கு இழப்பு குறைவு. அப்புறம் சூடு. வேகமாக ஓட்டும்போது டயர் கொதிக்கிறது. அகல டயரில் ரப்பர் அதிகம், சூட்டைப் பகிர்ந்துகொள்ளும் பட்டை பெரிது, அதனால் மென்மையான ரப்பரை அதில் போட முடிகிறது. பிடிமானத்தில் பெரும்பங்கு அந்த மென்மையால் வருவது. உள்ளே காற்றுக்கு இடமும் அதிகம் என்பதால் அதே எடையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்க முடியும். அப்படிக் காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் பரப்பும் உண்மையிலேயே கூடும்.

இதெல்லாம் காருக்கு அந்த வேகமும் எடையும் சக்தியும் இருந்தால். போர்ஷே 911 காரின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. இப்போதைய தலைமுறை கரேராவில் முன்னால் 235, பின்னால் 295. அங்கே அகலத்துக்கு வேலை இருக்கிறது. டொயோட்டா 2012இல் கொண்டுவந்த ஜிடி86ஐப் பாருங்கள். ஏறத்தாழ 200 குதிரைத்திறன், பின்சக்கர உந்துதல், ஆனால் டயரின் அகலம் வெறும் 215 (முழு அளவு 215/45 ஆர்17). பிரியஸ் காரில் வந்த அதே மிச்செலின் ரகம். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா வேண்டுமென்றே செய்தது இது. சாலையில் போகிற வேகத்திலேயே கார் மெல்ல நழுவத் தொடங்கி, ஓட்டுபவருக்கு அது கையில் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அந்தக் காருக்கு 245 போட்டவர்கள் பலர். வளைவில் வேகம் கூடியது, எதற்காக வாங்கினார்களோ அது போயிற்று. என்னைக் கேட்டால் டாடா பக்கம்தான் நான்.

ஃபார்முலா ஒன்னில் 2017இல் முன் டயரை 245இலிருந்து 305 மில்லிமீட்டருக்கும், பின் டயரை 325இலிருந்து 405க்கும் அகலமாக்கினார்கள். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளையும் கூடவே பெரிதாக்கினார்கள். சுற்று நேரம் நன்றாகவே குறைந்தது. ஆனால் 2026 விதிகளில் முன்னால் 25, பின்னால் 30 மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். காரின் எடையையும் காற்றுத் தடையையும் குறைப்பதற்காக.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். ஜூன் பிறந்தால் வாளையார் கணவாயில் மழை சாய்ந்து அடிக்கும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் காய்ந்த தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே டயரோடு தேசிய நெடுஞ்சாலை 544இல் கேரளாவுக்குள் இறங்குகிறவர்களுக்கு இங்கேதான் பாடம். டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும் வேகத்துக்கு நாசாவின் வால்டர் ஹார்ன் 1960களில் ஒரு சூத்திரம் தந்தார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மைல் கணக்கில் வேகம் வரும். 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு 94 கிலோமீட்டர், 25 பிஎஸ்ஐக்கு 83. இது விமான டயரை வைத்துப் போட்டது, இதில் அகலமே கிடையாது. கார் டயரிலோ வடிவமும் சேர்ந்துகொள்கிறது. அகல டயர் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், அதன் பதிவு குட்டை என்பதால் தண்ணீரை விலக்கிவிட்டுத் தரையைத் தொடக் கிடைக்கும் நேரம் குறைவு. ஒல்லி டயரின் நீண்ட பதிவில் முன்பாதி தண்ணீரை விலக்கினால் பின்பாதியாவது தரையைப் பிடிக்கும். பனியில் ஓடும் ராலி கார்களுக்கு ஒல்லி டயர் போடுவதும் ஏறக்குறைய இதே காரணத்தால். பனியை வெட்டி இறங்க வேண்டும்.

அகலத்தின் மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் கனக்கும், ஸ்டீயரிங் இறுகும், மைலேஜ் குறையும். ஆஃப்செட் (ரிம் வண்டியோடு சேரும் இடம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) தப்பான ரிம்மைப் போட்டு டயரை வெளியே துருத்த விட்டால் பேரிங் சீக்கிரம் போகும். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வேறு. கேரளத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மேலே எங்கெல்லாம் நான் ‘பதிவு’ என்று ஒப்பேற்றினேனோ அங்கெல்லாம் ஒரு பெயர் வேண்டும். அது பரப்பாக இருக்கக் கூடாது. நீளமும் அகலமும் உள்ள ஓர் உறுப்பாக இருக்க வேண்டும். ‘பதிவு’ ஆவணப் பதிவோடு குழம்பும். சிலர் ‘சுவடு’ என்றார்கள், அழகான சொல்தான். ஆனால் சுவடு என்பது வண்டி போன பிறகு மண்ணில் கிடப்பது. நாம் பேசுவது வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் அந்தக் கணத்தில் தரையில் ஊன்றியிருக்கும் பகுதியை. ‘தடம்’ என்பதற்கும் அதே குறை.

நான் முன்வைப்பது ‘பாதம்’. டயர்ப் பாதம். பாத நீளம், பாத அகலம், பாத அழுத்தம் என்று இயல்பாக ஒட்டும். பரப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் பாதப் பரப்பு என்றால் ஆயிற்று. வளைவில் கார் சாயும்போது அகல டயரின் ஒரு விளிம்பு மட்டும் தரையில் நிற்பதை, ‘பாதம் முழுதாக ஊன்றவில்லை’ என்று கடைப் பையனுக்கும் சொல்லலாம், பாடப்புத்தகத்திலும் எழுதலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

அண்ணனுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டச் சித்தூரில் தமிழ்வழிப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன்.

> நான் முன்வைப்பது ‘பாதம்’.

வகுப்பில் நேற்றே சொல்லிப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள், “டயருக்குக் கொலுசு போடலாமா டீச்சர்” என்று ஒருத்தி கேட்டாள். ஆனால் உங்கள் 133 சதுர சென்டிமீட்டர் கணக்கைப் போடச் சொன்னபோது ‘பாத நீளம் குறைகிறது’ என்று தானாகவே எழுதினார்கள். தொடுபரப்பை வைத்து இந்தப் பாடத்தை எடுத்தபோதெல்லாம் பரப்பு கூடுமா, மாறாதா என்ற இடத்திலேயே மணி அடித்துவிடும். என் ஓட்டு பாதத்துக்கு. ஒரே ஒரு சந்தேகம்: தூணின் அடியைப் பாதம் என்று கட்டடக்காரர்கள் சொல்கிறார்களே, குழம்பாதா?

---

பெரியவர்களுக்கு வணக்கம். நான் செங்கோட்டை. புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு லோடு ஓட்டுகிறோம். பாதம் சரி. அதோடு இன்னொன்றுக்கும் பெயர் வையுங்கள். லாரி ஓடி ஓடித் தார் அமுங்கின ரோட்டில் அகல டயர்க் காரை ஓட்டினால், நாம் ஒரு பக்கம் பிடித்தால் அது பள்ளத்தோடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதே, அதற்கு. எங்கள் முதலாளி மகன் காரில் இதே பாடு. எங்கள் அப்பா ஏர் ஓட்டினவர். அவர் பார்த்துவிட்டு, “வண்டி சால் பிடிச்சுப் போகுதுல்லா” என்றார்.

---

மறுபடியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து.

சித்தூர் டீச்சர் அம்மாவுக்கு: தூணின் பாதமும் எடையை ஊன்றும் அடிதான், பொருள் கெடவில்லை. டயர் என்று முன்னால் சேர்த்தால் குழப்பம் இராது.

செங்கோட்டைத் தம்பிக்கு: ‘டிராம்லைனிங்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு உங்கள் அப்பாவின் ‘சால் பிடித்தல்’ அப்படியே பட்டியலில் போகட்டும், கைவைக்காதீர்கள். அகலப் பாதத்தின் ஒரு ஓரம் பள்ளத்தின் சரிவில் ஏறி, ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுகிறது. சைடுவால் குட்டையாக இருந்தால் அந்த இழுப்பை உள்வாங்க ஒன்றுமில்லை, நேராகக் கைக்கு வரும். அகலம் கூடும்போது சைடுவால் பெரும்பாலும் குட்டையாகிறது. அதனால் சைடுவாலின் குணத்தையும் அகலத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். திருப்பியவுடன் கார் சட்டென்று திரும்புவதும், பிடி விடும்போது முன்னறிவிப்பில்லாமல் விடுவதும் பெரும்பாலும் சைடுவாலின் வேலை.

அடுத்ததாகப் பேராசிரியர் ஐயா ‘ஸ்லிப் ஆங்கிள்’ என்பதற்கு ‘நழுவுகோணம்’ போட்டிருக்கிறார். அதிலும் எனக்கு இடிக்கிறது. ரிம் ஒரு திசையைப் பார்க்க, டயர் சற்று விலகி வேறு திசையில் உருள்கிறது. சாதாரண வேகத்தில் பாதத்தின் பெரும்பகுதி தரையைப் பிடித்தபடி முறுக்கிக்கொண்டுதான் இருக்கும், நழுவல் பின்விளிம்பில் கொஞ்சம்தான். நழுவுகோணம் என்றால் கார் சறுக்கிக்கொண்டிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். ‘விலகுகோணம்’ என்று மாற்றலாமா, ஐயா சொல்ல வேண்டும்.