பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரான் ஏன் நான்காம் கூட்டுக்குப் போகிறது?

பிளஸ்ஒன்_மாணவி:
மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான் வரை கொள்ளும் என்று படித்தோம். ஆர்கானில் அங்கே 8 தான் இருக்கிறது, 10 இடம் காலி. அப்புறம் ஏன் பொட்டாசியம் 2, 8, 9 ஆக இல்லாமல் 2, 8, 8, 1 ஆகிறது? டியூஷனில் கேட்டால் "வெளிக்கூட்டில் 8-க்கு மேல் வராது, எழுதிக்கோ" என்கிறார்கள். அது விதி, காரணம் இல்லையே?

பழைய_வாத்தியார்:
அந்த எட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைம்மா. நீ சொல்லும் 10 இடமும் 3டி ஆர்பிட்டாலில், அதாவது மூன்றாம் கூட்டின் டி என்ற உட்பிரிவில், இருப்பவை. 3டி எலக்ட்ரான் அணுக்கருவை நெருங்குவதே அபூர்வம். உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்களும் கருவின் ஈர்ப்பை மறைத்துவிடும். நான்காம் கூட்டின் எஸ் பிரிவில் இருக்கும் 4எஸ் எலக்ட்ரான் அப்படியில்லை, கருவுக்கு அருகே வரை ஊடுருவும். அதனால் கூடுதல் ஈர்ப்பு, ஆற்றலும் குறைவு.

நிறமாலையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பொட்டாசியத்தில் 4எஸ்-இலிருந்து 4பி-க்கு ஏற 1.6 எலக்ட்ரான் வோல்ட் போதும், 3டி-க்கு ஏற 2.67 வேண்டும். காலி இடம்தான், ஆனால் 4பி-யையும் தாண்டி மேலே இருக்கிறது!

அயனியாக்கும் ஆற்றலையும் பார். முதல் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 419 கிலோஜூல், அடுத்ததற்கு 3052. இணைதிறன் எலக்ட்ரான், அதாவது பிணைப்பில் ஈடுபடும் எலக்ட்ரான், ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நீட்_2வது_முறை:
சார், அப்போ இரும்பு? 4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால், பிறகு வந்த 3டி தானே முதலில் கழல வேண்டும்? இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பான ஃபெரஸ் அயனியில் 4எஸ் அல்லவா காலியாகிறது?

பழைய_வாத்தியார்:
பொட்டாசியத்தின் வரிசையை இரும்புக்கும் மாட்டினால் குழப்பம்தான் வரும் தம்பி. கருவின் மின்சுமை கூடக் கூட 3டி மளமளவென்று கீழே இறங்கிவிடும். ஸ்காண்டியத்திலேயே இரண்டு எலக்ட்ரான் போனபின் மிஞ்சுவது 3டி-யில் ஒன்றுதான், 4எஸ் காலி. எந்த ஆர்பிட்டால் முதலில் நிரம்பும் என்று பாடத்தில் காட்டும் சாய்வு அம்புக்குறிப் படம் அமைப்பை எழுதத்தான் உதவும், எது முதலில் கழலும் என்று சொல்லாது. எழுதுவதற்குக்கூட குரோமியத்திலும் தாமிரத்திலும் காலை வாரிவிடும்.

பிளஸ்ஒன்_மாணவி:
கால்சியத்தின் அயனியாக்கும் ஆற்றல்களைத் தேடினேன் சார்: 590, 1145, அப்புறம் 4912. மூன்றாவதில் எகிறுகிறது, ஆக இணைதிறன் எலக்ட்ரான் இரண்டு. ஸ்காண்டியத்தில் 633, 1235, 2389, அடுத்து 7091. அப்படியென்றால் 3டி-யில் இருப்பதையும் சேர்த்து மூன்று என்று எண்ணணுமா?

பழைய_வாத்தியார்:
ஆமாம்மா, மூன்றுதான். ஸ்காண்டியம் சேர்மங்களில் பெரும்பாலும் +3 ஆக இருப்பதும் அதனால்தான்.