புதுப்பிப்பு: ஜோ சிஃபெர்ட் பெயரைச் சுமக்கும் ஆட்டாவியா

வெள்ளை டயல், கறுப்புச் சிறுவட்டங்கள், நீல முட்கள். அப்படி ஒரு பழைய ஆட்டாவியா 1163டி, அதாவது ஹோயர் நிறுவனத்தின் கைக்கடிகாரம், விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கார் பந்தய ஓட்டுநர் ஜோ சிஃபெர்ட்டின் பெயரால் அழைக்கப்படும் மாடல் அது. நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். வாங்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் வெள்ளைப் பூச்சு கறுப்புச் சிறுவட்டத்தின் விளிம்பில் ஏறியிருந்தது, நிமிடக் கோடுகளும் தடித்துக் கசங்கியிருந்தன. டயலுக்கு யாரோ பிற்பாடு புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

சிலர் கேட்டது: சாவி கொடுக்கும் திருகு ஏன் இடப்பக்கம்? உள்ளே ஓடுவது 1969இல் வந்த காலிபர் 11 என்ற இயந்திரம். ப்யூரன் நிறுவனத்தின் தானியங்கி இயந்திரத்தின் மேல், டுபுவா தெப்ராஸ் நிறுவனத்தின் க்ரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகார) அடுக்கை ஏற்றிய அமைப்பு அது. அதனால்தான் திருகு ஒரு பக்கம், பொத்தான்கள் மறுபக்கம்.

அப்புறம், சிஃபெர்ட் பெயர் நிறுவனம் வைத்ததல்ல, சேகரிப்பாளர்கள் வைத்தது. ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு அவர் பெயர் முழுக்கப் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்காரர். 1969 முதல் ஹோயர் முத்திரையைச் சட்டையில் தாங்கி ஓட்டினார், சக ஓட்டுநர்களுக்கு அந்தக் கடிகாரங்களை விற்கவும் செய்தார். 1970இல் பிரையன் ரெட்மனோடு சேர்ந்து போர்ஷே 917இல் ஸ்பா 1000 கிலோமீட்டர், போர்ஷே 908/03இல் டார்கா ஃப்ளோரியோ என இரண்டு பந்தயங்களையும் வென்றார். 1971 அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் கார் விபத்துக்குள்ளாகி, தீயில் சிக்கி இறந்தார். பந்தயக் கார்களுக்குள் தீயணைப்புக் கருவி கட்டாயமானதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

டயல் மாறாத 1163டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.