பெரியப்பாவின் கால்: எங்கள் குடும்பக் குழுவில்

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா (காலை 6:48): கயல், எழுந்துவிட்டாயா? பெரியப்பாவின் காலைப் படம் எடுத்து அனுப்புகிறேன், நர்ஸ் நீ பார்த்துச் சொல். அவருக்குத் தெரியாது. கட்டு நழுவிக் கிடந்தது, தூங்கும்போதே எடுத்துவிட்டேன்.

பெரியம்மா (6:49): (படம்)

பெரியம்மா (6:51): இரவெல்லாம் நீர் வடிந்து பாய் நனைந்துவிட்டது. வாடை அடிக்கிறது என்று ஒரு மாதமாகத் திண்ணையில்தான் படுக்கிறார். கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை.

நான் (7:20): பார்த்துவிட்டேன் பெரியம்மா. உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே. சுற்றித் தோல் பழுப்பேறி மரப்பட்டை போல இறுகியிருக்கிறது. வெள்ளையாகக் கட்டிதட்டிப்போயிருப்பது சீழா, பவுடரா?

பெரியம்மா (7:22): பவுடர். 14 மாதமாக அதுதான். டவுனில் ஒரு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை கட்டு மாற்றுகிறோம். அவ்வப்போது ஊசி, மாத்திரை. ஒவ்வொரு முறையும் "ஆறிவிடும்" என்கிறார்கள்.

முத்து அண்ணன் (7:31): மூன்று முறை சோதித்தோம், அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. பிறகு ஏன் ஆறவில்லை என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நான் (7:44): அண்ணா, காலில் புண் என்றாலே எல்லோரும் சர்க்கரையைத்தான் தேடுகிறார்கள். பெரியப்பாவுக்குக் கெட்டது சிரை, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். சின்ன வயதில் அவர் கெண்டைக்காலில் சுருண்டிருந்த நரம்பை நாம் விரலால் அழுத்தி விளையாடுவோமே, நினைவிருக்கிறதா? அழுத்தினால் அமிழ்ந்துபோகும், விட்டதும் புடைத்துக்கொள்ளும். அன்றைக்கே ஆரம்பித்தது இது.

நான் (7:52): காலுக்கு இறங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச்சதை பிழிந்து தள்ளும். தள்ளியது கீழே வழியாமல் சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். 31 ஆண்டு பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்தவர் அவர். வால்வுகள் தளர்ந்துவிட்டன. இரத்தம் கணுக்காலில் தேங்கி, அந்த அழுத்தத்தில் சிவப்பணுக்கள் கசிந்து தோலில் படிகின்றன. அந்தப் பழுப்பு அதுதான். அந்த இடத்தில் கொசுக்கடியைச் சொறிந்தால்கூடப் புண்ணாகும், மேலே எதைத் தூவினாலும் ஆறாது.

சித்தப்பா (8:05): (பகிரப்பட்டது) ஆறாத புண்ணையும் ஏழே நாளில் ஆற்றும் பச்சிலைப் பற்று! சுண்ணாம்பு, மஞ்சள்...

நான் (8:12): சித்தப்பா, அண்ணன் மேலுள்ள பாசத்தில்தான் அனுப்புகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தோல் இப்போது எதையும் தாங்காது. சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும். ஆண்டிபயாட்டிக் பவுடரே பலருக்கு ஒவ்வாமையாகிச் சுற்றிலும் கொப்பளிக்கிறது. தயவுசெய்து எதுவும் தடவ வேண்டாம்.

சித்தப்பா (8:15): புண் காயவாவது வேண்டாமா அம்மா? நாங்கள் அப்படித்தானே கேட்டு வளர்ந்தோம்.

நான் (8:21): 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தார் சித்தப்பா. பொருக்குத் தட்டக் காயவிட்ட புண்ணைவிட, ஈரம் காத்து மூடிவைத்த புண்ணில் புதுத்தோல் வேகமாகப் படர்ந்தது. வழிகிற நீரை உறிஞ்சவேண்டும், அடிப்பரப்பு வறண்டுவிடக் கூடாது. ஆனாலும் பெரியப்பாவுக்கு முதல் மருந்து வேறு: அழுத்தக் கட்டு.

முத்து அண்ணன் (8:24): கடையில் கிரேப் பேண்டேஜ் இருக்கிறது. இன்றைக்கே வாங்கி இறுக்கிக் கட்டச் சொல்லட்டுமா?

நான் (8:24): வேண்டாம் அண்ணா! பரிசோதிக்காமல் இறுக்கக் கூடாது!

நான் (8:30): காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைபட்டிருந்தால், இறுக்கிய கட்டு காலையே அழுகவைத்துவிடும். இரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவியால் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 1க்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.8க்குக் கீழே போனால் முழு அழுத்தத்தில் கட்டக் கூடாது. 0.5க்கும் கீழே என்றால் உடனே இரத்தநாள நிபுணரிடம் ஓட வேண்டும். கால் மணி நேர வேலை, வலி கிடையாது. 14 மாதத்தில் ஒருவர்கூட இதைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

பெரியப்பா (9:40): யாரைக் கேட்டுப் படம் எடுத்தாய்? குழு முழுக்க என் காலைப் பற்றித்தான் பேச்சா? இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவதாக இல்லை.

அப்பா (9:43): அண்ணா, கோபப்படாதீர்கள். குழந்தை இதைத்தான் தினமும் பார்க்கிறாள்.

நான் (9:50): பெரியப்பா, நான் நர்சிங் சேர மன்னார்குடியிலிருந்து வந்த அன்று உங்கள் பஸ்ஸில்தான் வந்தேன். இருக்கை காலியாக இருந்தும் நீங்கள் என் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தீர்கள். அந்தக் காலை நான் ஒருமுறை பார்க்கக் கூடாதா? வாடை உங்கள் குற்றமில்லை. என் வார்டில் அது இல்லாத நாளே கிடையாது, யாரும் முகம் சுளிப்பதில்லை.

பெரியப்பா (11:15): புதன்கிழமை எத்தனை மணிக்கு இருப்பாய்?

புதன்கிழமை

நான் (மாலை 4:10): எல்லோருக்கும்: கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்த கணக்கு 1.02. தமனி நன்றாக இருக்கிறது. ஸ்கேனில் சிரையின் வால்வு கெட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. கட்டுப் போட்டுவிட்டோம்.

நான் (4:22): பெரியம்மா, நீங்கள் பார்த்ததை எழுதிவைக்கிறேன். புண்ணை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் கழுவினாலே போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது புதுச்சதையையும் பொசுக்கும். சுற்றியுள்ள தோலுக்கு வாசனையில்லாத வாசலின், புண்மேல் ஒட்டாத துணி, அதற்குமேல் பஞ்சுச் சுருள். கணுக்கால் எலும்பின் இரு பக்கக் குழியிலும் பஞ்சு கூடுதலாக இருக்க வேண்டும். பிறகுதான் அழுத்தக் கட்டு: பாதத்தைக் காலுக்குச் செங்கோணமாக நிமிர்த்தி, கால்விரல் அடியிலிருந்து குதிகாலையும் மூடி, முந்தைய சுற்றில் பாதி மறைய முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை. குதிகாலை விட்டுவிட்டால் அங்கே வீங்கிவிடும். இப்போதைக்கு வாரத்துக்கொரு முறை நாங்களே கட்டுகிறோம், நீங்கள் கூட இருந்து பழகிக்கொள்ளுங்கள்.

பெரியம்மா (4:30): விரல் நீலமானால்?

நான் (4:31): நீலமானாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி கூடினாலும் நேரம் பார்க்காமல் கட்டைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

பெரியப்பா (4:40): நான் என்ன செய்ய வேண்டும்? படுத்தே கிடக்கவா?

நான் (4:43): நடங்கள். கட்டுக்குள் கெண்டைச்சதை பிழிந்தால்தான் இரத்தம் ஏறும். ஓரிடத்தில் நிற்பதுதான் ஆகாது. உட்கார்ந்தால் காலைத் தொங்கவிடாதீர்கள், படுத்தால் தலையணைமேல், நெஞ்சைவிட உயரத்தில் வையுங்கள்.

முத்து அண்ணன் (5:02): ஆபரேஷன் வேண்டுமா?

நான் (5:10): கெட்ட சிரையை உள்ளேயே சூடேற்றி அடைப்பார்கள், பெரிதாக வெட்ட வேண்டியதில்லை. புண் ஆறட்டும் என்று முன்பு காத்திருப்பார்கள். 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 450 பேர் இருந்தார்கள். கட்டோடு சேர்த்து உடனே சிரையையும் அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. காத்திருந்தவர்களுக்கு அதே அளவு ஆற 82 நாள் ஆயிற்று. அதனால் எங்கள் டாக்டர் அடுத்த மாதமே செய்துவிடலாம் என்கிறார். காப்பீட்டு அட்டையை எடுத்துவையுங்கள் அண்ணா.

சுந்தரி அத்தை (6:15): கயல், கேட்கலாமா என்று தெரியவில்லை. எனக்குப் பாதத்தில் ஓர் ஆணி, நடுவில் சின்ன ஓட்டை. வலியே இல்லை, அதனால் விட்டுவிட்டேன். பெரியப்பா மாதிரிக் கட்டுப் போடட்டுமா?

நான் (6:17): அத்தை, உங்களுக்குச் சர்க்கரை 12 ஆண்டாக இருக்கிறது. வலியில்லை என்பதுதான் எனக்குப் பயம்.

நான் (6:25): வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான். அவர்கள் சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி இல்லாததால் அதே இடத்தில் மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். மிதிக்காமல் காத்தபோது ஆறியது. சர்க்கரைக்காரர் பாதமும் அப்படித்தான். உங்களுக்கு அழுத்தக் கட்டு கூடவே கூடாது, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு கோயிலுக்குப் போகாதீர்கள். ஆணியை பிளேடால் சீவாதீர்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள்.

சுந்தரி அத்தை (6:26): நாளைக்கேவா? வெள்ளிக்கிழமை பூஜை...

பெரியப்பா (6:27): சுந்தரி, நாளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வாயை மூடிக்கொண்டு கிளம்பு.

ஐந்து வாரம் கழித்து, சனிக்கிழமை

பெரியம்மா (காலை 8:03): (படம்)

நான் (8:20): புண்ணின் அளவைப் பிளாஸ்டிக் தாளில் வரைந்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டேன். 5 சென்டிமீட்டர் நீளம் 3 ஆகிவிட்டது. அடியில் சிவப்பாக மணல் மணலாகத் தெரிகிறதே, அது நல்ல சதை. சுருங்காமல் இருந்திருந்தால் ஓரத்தில் துணுக்கு எடுத்துப் புற்று இல்லையே என்று பார்த்திருப்போம். இப்போது அவசியமில்லை. ஆனால் பெரியப்பா, புண் மூடினாலும் அழுத்தக் காலுறையை விடக் கூடாது. விட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

பெரியப்பா (8:31): போட்டுக்கொள்கிறேன். சுந்தரிக்குப் பாரம் விழாமல் காக்கும் அந்தச் செருப்பு வந்துவிட்டதா?

சுந்தரி அத்தை (8:33): வந்துவிட்டது அண்ணா. வீட்டுக்குள்ளும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா (8:40): கயல், பஞ்சுச் சுருள் இரண்டுதான் மீதி இருக்கிறது. முத்து வரும்போது கொடுத்தனுப்பு. திண்ணையிலிருந்த பாயைத் துவைத்துப் போட்டுவிட்டேன்.