துபாய் ஒயின்: திருவனந்தபுரத்தில் இறங்கி நெல்லைக்கு எவ்வளவு கொண்டு வரலாம்?

பாளைவாசி:
மச்சான் டிசம்பர்ல துபாய்ல இருந்து திருவனந்தபுரத்துல வந்து இறங்குதாரு. கிறிஸ்துமஸுக்கு 750 மி.லி. ஒயின் மூணு பாட்டில், ஒரு லிட்டர் விஸ்கி ஒண்ணு. ஆளுக்கு 4 லிட்டர்னு யாரோ சொல்லிருக்காங்க. அக்காவும் எட்டு வயசு மருமகனும் கூட வாராங்க. மூணு பேர் கணக்குக்கு சுங்கத்துல தீர்வை இல்லாம எவ்வளவு விடுவாங்க? அங்க இருந்து களியக்காவிளை வழியா கார்லதான் பாளையங்கோட்டைக்கு வாராங்க.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
அந்த 4 லிட்டர் துபாய்க்கு உள்ள போறவங்களுக்குள்ளது தம்பி. இந்தியாவுக்குள்ள ஆளுக்கு 2 லிட்டர்தான். ஒயின், விஸ்கி, பீர் எல்லாம் சேர்த்தே 2 லிட்டர். இங்க இறங்கின பொறவு வருகைப் பக்கத்து டூட்டி ஃப்ரீ கடையில வாங்குறதும் இதுலதான் அடங்கும். நிறைய பேர் மாட்டுறது அங்கதான். சின்னப் பையனை கணக்குலயே எடுக்காதீங்க.

உங்க மொத்தம் 3.25 லிட்டர். ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பங்கோட சேர்த்துக் காட்ட முடியாது. அதனால அக்கா பேர்ல ரெண்டு ஒயின், அது ஒன்றரை லிட்டர். மச்சான் பேர்ல ஒரு ஒயினும் விஸ்கியும், அது 1.75. பில்லும் ரெண்டா, அவங்கவங்க பேர்ல போடச் சொல்லுங்க. எல்லாம் ஒரே பையில, ஒரே பில்லுல இருந்தா 1.25 லிட்டர் மிகுதின்னுதான் பார்ப்பாங்க. தீர்வையில்லாத சாமானுக்குள்ள மதிப்பு வரம்புல இந்தப் பாட்டில் விலையும் சேரும், விலை கூடுன ஒயின்னா அதையும் பாத்துக்கிடுங்க.

ஆரல்வாய்க்காத்து:
மிகுதி இருந்தா சுங்கத்துல சிவப்பு வழியில, அதாவது தீர்வை கட்ட வேண்டிய சாமான் உள்ளவங்க போற வழியில, போய் சொல்லிரணும். மத்த சாமானுக்குப் போடுற பொது விகிதம் மதுவுக்குக் கிடையாது. ஒயினுக்கு எல்லாம் சேர்த்து 150 சதவீதத்தை ஒட்டி வரும். ஆயிரம் ரூபா பாட்டிலுக்கு ஆயிரத்தைந்நூறு வரி. அந்தக் காசுக்கு இங்கயே வாங்கிரலாம். சொல்லாம, ஒண்ணும் இல்லாதவங்க போற பச்சை வழியில போய் ஸ்கேனர்ல தெரிஞ்சுதுன்னா பாட்டிலும் போகும், அபராதமும் வரும்.

டூட்டி ஃப்ரீயில முத்திரை போட்டுத் தர்ற பிளாஸ்டிக் பையை வீடு வர பிரிக்கவே வேண்டாம். நேர் விமானம்னா கையிலயே கொண்டு வரலாம். சென்னையில இறங்கி தூத்துக்குடி விமானம் மாறுறதா இருந்தா செக்-இன் பெட்டிக்குள்ள வச்சிரணும், உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில பெரிய பாட்டிலைக் கையில விட மாட்டாங்க. ஒரு ஒயின் பாட்டில் ஒண்ணேகால் கிலோ பக்கம் வரும், எடையையும் பாருங்க.

பாளைவாசி:
நன்றி அண்ணாச்சி. களியக்காவிளையில நிறுத்திக் கேட்டா?

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
தமிழ்நாட்டுல ஒருத்தர் சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அளவு ஒயினுக்கு 9 லிட்டர், வெளிநாட்டு மதுவுக்கு 4.5 லிட்டர். அளவுல உங்களுக்குப் பிரச்சினையே இல்ல. பில்லையும் போர்டிங் பாஸையும் காட்டினாப் போதும். ஆனா போற வழியில கேரள அரசு மதுக்கடையான பெவ்கோவுல ரெண்டு பாட்டில் வாங்கிப் போடலாம்னு யாரும் யோசிக்க வேண்டாம். அது கேரளத்துக்கு வரி கட்டின சரக்கு. இங்க கொண்டு வந்தா மதுவிலக்குச் சட்டத்துல வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகும். டூட்டி ஃப்ரீ பாட்டில் பக்கத்துல அது கிடந்தா ஒழுங்கா கொண்டு வந்ததுக்கும் சேர்த்து பதில் சொல்லணும்.

டூட்டி ஃப்ரீ பில் வெப்பத்தாள்லதான் அடிச்சிருப்பான். டேஷ்போர்டு வெயில்ல கிடந்தா கறுத்துப் போகும், முதல்லயே போட்டோ எடுத்துரணும்.

வள்ளியூர்க்காரி:
வரியை விட வெயிலைப் பாருங்க. நாகர்கோவில்ல சாப்பிட இறங்குறப்ப மூடின காரோட டிக்கி டிசம்பர்லயும் நல்லா கொதிக்கும். உள்ள இருக்குற ஒயின் விரிஞ்சு கார்க்கை மேல தள்ளும். மூடித்தகடு லேசா உப்பி, கழுத்துல பிசுபிசுன்னு கசிஞ்சிருந்தா சூடு பட்டதுன்னு அர்த்தம். பழம் வேக வச்ச மாதிரி ருசி வந்துரும். பாட்டிலைத் துணியில சுத்தி, பின் சீட்டுக்குக் கீழ, ஏசி படுற இடத்துல படுக்கப் போடுங்க. நுரை பொங்குற ஒயின் இருந்தா அதை முதல்ல அப்படி வைங்க.