பாம்பன் பழைய தூக்குப் பாலம்: இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாமா?

ரிவெட்டு:
1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாலம், 2022 டிசம்பர் 23 அன்று ரயில் நிற்கும்வரை உழைத்தது. 1964 புயலில் தனுஷ்கோடியே போனது. கப்பலுக்கு வழிவிட இரண்டு சிறகாக மேலே திறக்கும் ஷெர்சர் தூக்கு மட்டும் நின்றது. 400 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒவ்வொரு சிறகையும் ஆட்கள் கையால் சுழற்றியே திறந்தார்கள். அதைப் பழுதுபார்க்காமல் 500 கோடிக்கு மேல் கொட்டிப் புதுசு கட்டியது ஏன்? புதுசில் மோட்டார், வடம், கப்பி, சென்சார் என்று கெட்டுப்போக ஆயிரம் சாமான்.

கப்பி:
அந்த 108 வருஷக் கணக்கை முதலில் சரிசெய்வோம். தூணுக்குத் தூண் உள்ள 145 கண்களில் 126 கண்களின் கர்டர்கள் (இரும்பு உத்தரங்கள்) 1964இல் கடலில் விழுந்தன. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாதையை மீட்டார்கள், கடலிலிருந்து எடுத்த கர்டர்களையும் பயன்படுத்தி. ஆகவே 1914 முதல் இடம் பெயராமல் நின்றது பெரும்பாலும் தூக்கு மட்டும்தான்.

ரிவெட்டு:
நானும் தூக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். அதில் கீல் கிடையாது. சிறகின் அடிப்பகுதி ஆடுநாற்காலியின் கால் மாதிரி வளைந்திருக்கும். தட்டையான தடத்தின்மேல் பின்னோக்கி உருளும். வழுக்காமலிருக்கத் தடத்தில் பற்கள். உருளும்போது சிறகு எழும்புவதோடு கால்வாயை விட்டுப் பின்வாங்கவும் செய்வதால், முழுக்க நிமிர்வதற்கு முன்பே கப்பலுக்கு வழி கிடைக்கும். சிறகும் அதைச் சமன்செய்யும் எதிர் எடையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் வளைவின் மையத்திலேயே விழும்படி அமைத்திருப்பார்கள். அப்போது அந்த மையம் மேலே ஏறாது, கிடையாக நகரும். உராய்வையும் காற்றையும் வென்றால் போதும், கை பலத்திலேயே வேலை முடிந்துவிடும். சிகாகோக்காரர் வில்லியம் ஷெர்சர் 1893லேயே யோசித்தது இது.

கப்பி:
கப்பலுக்கு அருமையான வடிவம், சார். ரயிலுக்கு அல்ல. இரண்டு சிறகும் கால்வாயின் நடுவில் முனையோடு முனை சந்திக்கின்றன. எஞ்சின் சக்கரம் ஒரு முனைக்கு வந்ததும் அது தாழும். எதிர் முனை அந்த அளவு தாழாது. அந்த வித்தியாசத்தை இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுதான் தாங்க வேண்டும். ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் அடி. பூட்டில் தேய்மானம் கூடக்கூட அடியும் பலமாகும். மீட்டர் கேஜுக்குக் கட்டியதை 2007இல் அகலப்பாதையாக்கி, பலப்படுத்தி ஓட்டினோம். கடைசியில் வேகம் 10 கிலோமீட்டர். 2018 டிசம்பரில் தூக்கில் விரிசல் கண்டு, 2019 பிப்ரவரி கடைசிவரை ரயிலே இல்லை.

ரிவெட்டு:
விரிசலைச் சரிசெய்து ஓட்டினார்களே! தகடு மாற்றினால் தீர்கிற விஷயம்.

உப்புக்காற்று:
தகடு மாற்றுவது அவ்வளவு லேசில்லை. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்த கட்டுமானத்தில் துரு பிடிப்பது வெளியே மட்டுமில்லை, இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கிலும்தான். அந்த இடுக்கில் மணல் அடித்துச் சுத்தம் செய்ய வழியில்லை, பெயின்டும் போகாது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; உள்ளேயே வீங்கித் தகடுகளை விரிக்கும், ரிவெட் தலைகளைத் தெறிக்க வைக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் கர்டர் உள்ளே மெலிந்திருக்கும். அதோடு சிறகில் தடித்த தகடு போட்டால் சமநிலை மாறும். எதிர் எடையையும் திருத்தாவிட்டால் திறக்கும்போது முரண்டு பிடிக்கும்.

கப்பி அவர்களே, உங்கள் பக்கமும் முழுச் சரியில்லை. புதுப் பாலத்தில் துருத் தடுப்புக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் குறை சொன்னார். 38 ஆண்டு தாங்கும் என்கிற பூச்சு, ஒரு கீறல் விழும்வரைக்கும்தான்.

கப்பி:
அது நியாயமான குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடிவ வித்தியாசத்தைப் பாருங்கள். புதுப் பாலத்தின் தூக்கு 72.5 மீட்டரில் ஒரே கண், சுமார் 660 டன், இரு பக்கக் கோபுரங்களிலும் எதிர் எடை. கிடையாகவே 17 மீட்டர் எழும்புகிறது. ஐந்தாறு நிமிடம் போதும். நடுவில் இணைப்பே இல்லை, ஆகவே அந்த அடியும் இல்லை. தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டர், மற்ற இடங்களில் 75 வரை ஓட்ட அனுமதி. கீழ்க்கட்டுமானம் இரட்டைப் பாதைக்கே தயார்.

ரிவெட்டு:
புதுப் பாலம் திறந்த நாளன்றே தூக்கியதை இறக்க முடியாமல் திணறியதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

உப்புக்காற்று:
செங்குத்துத் தூக்கின் பிறவிக்குணம் அது. இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். ஒன்று முந்தினால் கண் சாய்ந்து, வழிகாட்டித் தடத்தில் ஆப்பு மாதிரி இறுகிவிடும். வடங்களின் இழுவிசையை அளந்து சமப்படுத்துவது, கப்பியில் வளைந்து நிமிரும் இடத்தில் அறுந்த இழைகளை எண்ணுவது, கிரீஸ் உள்ளிழைவரை போனதா என்று பார்ப்பது, இதெல்லாம் ஓயாத வேலை. ஷெர்சரில் வடமே கிடையாது என்பதை ரிவெட்டு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரிவெட்டு:
சேர்த்துக்கொண்டேன்! சரி, ஓட வேண்டாம். காட்சிக்காவது தூக்கைக் கடலிலேயே விட்டால் என்ன?

கப்பி:
ரயில் ஓடாவிட்டாலும் துரு ஓடும். கவனிக்காத சிறகு ஒரு நாள் கால்வாயில் விழுந்தால் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே பெரிய படகுகளுக்கு வழி அடைபட்டுவிடும்.

உப்புக்காற்று:
ஒரு சிறகைக் கரைக்கு எடுக்கலாம்.

ரிவெட்டு:
எடுத்தால் எதிர் எடை, உருளும் தடம், கைச்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். வெறும் சிறகைப் பூங்காவில் நட்டு வைத்தால் அது உருளும் என்று யாருக்கும் தெரியாது.