புதுப்பிப்பு: அப்பாவோடு பார்த்த 'விடாது கருப்பு' கிடைத்தது

அப்பா போன பிறகு ராத்திரியில் தூக்கமே இல்லை, சின்ன வயதில் அவரோடு சன் டிவியில் பார்த்த 'மர்மதேசம்: விடாது கருப்பு' மர்மத் தொடர் இப்போது எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத்தின் யூடியூப் சேனலில் தேடச் சொன்னவரின் வழி சரியாக இருந்தது. ஆனால் உண்மையில் கைகொடுத்தது இன்னொருவர் சொன்னது: தனியாகப் பார்க்காமல் அம்மாவோடு, ராத்திரிக்கு ஒரே ஒரு பகுதி.

எதிர்பாராத ஒன்று. குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "இந்த இடத்துல உங்கப்பா சத்தத்தைக் குறைச்சிடுவார். அவருக்குத்தான் பயம்." எனக்காகக் குறைக்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இருவரும் அழுதோம், அப்புறம் சிரித்தோம். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

தேடி வருபவர்களுக்கு: எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. மர்மதேசம் வரிசையில் 'ரகசியம்' முதலில் வந்தாலும் அதன் கதை வேறு. நேராக இதிலேயே தொடங்கலாம். நாங்கள் அடுத்து 'ரகசியம்' பார்க்கிறோம்.