முதல் நேவிகேஷன்: 5,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்? வால்பாறைப் பாதையிலும் வேலை செய்ய வேண்டும்

அமராவதிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உடுமலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 46. கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அண்ணன் வைத்திருந்த 2011 ஆல்ட்டோ இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பழைய சிடி ஸ்டீரியோ உண்டு, திரை எதுவும் கிடையாது.

நான் ஓட்டுவது பெரும்பாலும் இரண்டே ஊர்களுக்கு. மாதம் ஒருமுறை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கோவை கூட்டிப் போகிறேன். விடுமுறை கிடைத்தால் தங்கை வீட்டுக்குப் போவேன். அவள் வீடு வால்பாறை தாண்டி முடீஸ் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். போனில் வழியைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஆழியாறு சோதனைச் சாவடி வரை எல்லாம் சரியாக இருந்தது. மலை ஏறும்போது சிக்னல் போய்விட்டது, ஆனாலும் வரைபடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினோம். அம்மா பேரன் படத்தைக் காட்டச் சொன்னதால் வழி காட்டும் செயலியை மூடிவிட்டேன். திரும்பத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வெறும் திரை, நடுவில் ஒரு நீலப் புள்ளி. சாலையும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. வால்பாறை வரை ஒரே சாலை என்பதால் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். ஊரைத் தாண்டியதும் பிரிவில் தவறிச் சோலையாறு பக்கம் போய்விட்டேன். மாலை ஆறு மணி, பனி இறங்கிவிட்டது, யானை நடமாடும் இடம் என்று பலகை வேறு. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே வந்த தோட்டத்து ஜீப்காரர்தான் வழி காட்டி அனுப்பினார். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கார் அக்சஸரீஸ் கடையில் விசாரித்தேன். 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்ட 14,000 கேட்டார்கள், "இதிலேயே ஜிபிஎஸ் இருக்கு, சிக்னலே வேண்டாம்" என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் கண்ணாடியில் ஒட்டுகிற தனி நேவிகேஷன் கருவி, பழையது, 3,500க்குத் தருவதாகச் சொல்கிறார். என்னால் 5,000 வரை செலவழிக்க முடியும். என் போனுக்கு ஐந்து வயது, வழி போட்டால் சார்ஜ் மடமடவென்று இறங்குகிறது. கோவையில் உக்கடம் மேம்பாலம் வந்தால் மேலே ஏறுவதா கீழே போவதா என்ற குழப்பமும் உண்டு. எதை வாங்கினால் மறுபடி அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டைஊசி40 எழுதியது:

அக்கா, பொள்ளாச்சியில் 17 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். வால்பாறைக்கு வாரம் மூன்று தடவையாவது ஏறுவேன். நீங்கள் பார்த்த அந்த நீலப் புள்ளியிலேயே விடை இருக்கிறது. அது சரியான இடத்தில் நின்றது என்றால் உங்கள் போனில் ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. இல்லாமல் போனது சாலை வரைபடம் மட்டும்தான்.

பலரும் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் போன் அவை அனுப்புவதைக் கேட்கும், அவ்வளவுதான். திருப்பி எதுவும் அனுப்பாது. நான்கு செயற்கைக்கோள் கேட்டால் போதும், நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். சிம் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. சாலைப் படம்தான் இணையத்திலிருந்து வருவது. கிளம்பும்போது வழியைப் போட்டால் அந்த வழி போனில் தங்கிவிடும், அதனால்தான் சிக்னல் போன பிறகும் அட்டகட்டி வரை ஓடியது. செயலியை மூடினால் அது போய்விடும். மூடாமலே இருந்திருந்தாலும், தவறான பிரிவில் திரும்பிய பிறகு புது வழி போட அதற்குப் படம் இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, படத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வைப்பது. செலவு ஒரு பைசா கிடையாது. கூகுள் மேப்ஸில் மேல் மூலையில் உள்ள உங்கள் முகப் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப்ஸ் என்று வரும். உடுமலை, கோவை, வால்பாறை மூன்றும் அடங்குகிற மாதிரி சதுரத்தை இழுத்து இறக்குங்கள். அவ்வப்போது அதைப் புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் காலாவதியாகிவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் நெரிசல் தெரியாது, மாற்று வழி காட்டாது. ஆனால் வழி காட்டும், தவறினால் திருத்தும். இரண்டாவதாக ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியையும் போட்டு வையுங்கள். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். தோட்டத்துக்குள் போகிற மண் பாதைகள் சில இடங்களில் அதில்தான் இருக்கின்றன, சில இடங்களில் கூகுளில்தான் இருக்கின்றன. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டில் பழைய போன் ஏதாவது அலமாரியில் கிடக்கிறதா? கிடந்தால் அதுதான் உங்கள் நேவிகேஷன் கருவி. சிம் போடாதீர்கள். உங்கள் போன் பேசுவதற்கு, அது வழிக்கு. பேரன் படம் பார்க்க யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

பணத்தை இரண்டு பொருளுக்குச் செலவழியுங்கள். ஒன்று நல்ல ஹோல்டர். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் நம் வெயிலில் இளகி வளைவில் கழன்று விழும். ஏழாவது கொண்டை ஊசியில் ஒருமுறை என் காலடியில், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றிலிருந்து டேஷ்போர்டில் பசை அட்டையோடு ஒட்டுகிற வகைதான். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா விடுங்கள். இன்னொன்று சார்ஜர். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற 150 ரூபாய் சார்ஜர் கொடுக்கிற கரண்ட்டை விட வழி காட்டும் போன் அதிகம் தின்னும். சொருகியிருந்தும் சார்ஜ் இறங்குவது அதனால்தான். 18 வாட் என்று போட்ட, தெரிந்த கம்பெனி சார்ஜரும் அதற்குத் தகுந்த கேபிளும் வாங்குங்கள்.

வண்டியை நிறுத்தினால் போனைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். மூடிய காரின் சூட்டில் பேட்டரி உப்பிவிடும்.

கியர்மாற்றம் எழுதியது:

கோவையில் ஸ்டீரியோ மாட்டும் வேலை செய்கிறேன். டாக்ஸி அண்ணன் சொன்னது சரி, ஒரு விஷயத்தைத் தவிர. 46 வயதில் கண்ணாடி போட்டு ஓட்டுபவருக்கு ஆறு இன்ச் போன் திரையும் ஒன்பது இன்ச் திரையும் ஒன்றல்ல. ஒரு பார்வையில் தெரிந்துவிட வேண்டும், உற்றுப் பார்க்கிற நேரத்தில் வண்டி பத்து இருபது மீட்டர் போய்விடும். அதனால் பின்னால் வசதிப்பட்டால் திரை வாங்குவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. அந்த ஸ்டீரியோவில் ஜிபிஎஸ் இருக்கும், படம் இருக்காது. அதற்கும் உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட வேண்டும் அல்லது படத்தை இறக்கி வைக்க வேண்டும். மலையில் போன் என்ன செய்ததோ அதையேதான் அதுவும் செய்திருக்கும்.

வாங்குவதானால் முதலில் அளவு பாருங்கள். இப்போதைய ஸ்டீரியோவும் அதன் கீழே சில்லறை போடுகிற பெட்டியும் சேர்ந்து சுமார் 18 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் வந்தால் அது டபுள் டின், அதாவது இரட்டை உயர ஸ்டீரியோ அளவு. அப்போது 7 இன்ச் திரை நேராக உட்காரும், 9 இன்ச்சுக்குத் தனி ஃபிரேம் வேண்டும். 1 ஜிபி ராம் உள்ளது வேண்டாம், வழி போட்டுவிட்டுப் பாட்டு வைத்தால் திணறும். செட்டிங்ஸில் காட்டுகிற ஆண்ட்ராய்டு எண்ணையும் ராமையும் நம்பாதீர்கள், மாற்றி எழுதி விற்கிறார்கள். கடையிலேயே மேப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, இழுத்துப் பாருங்கள். அதோடு ஜிபிஎஸ் ஆன்டெனாவை எங்கே வைக்கிறார்கள் என்று கூடவே நின்று கவனியுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக் கீழே வைத்தால் சரி, இரும்புக்கு அடியில் தள்ளிவிட்டால் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளர் (ஒயர்களைச் சொருகி இணைக்கும் துண்டு) போட்டு மாட்டச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய வண்டிகள் பேட்டரி இறங்கி எங்களிடம் வந்து நிற்பதை மாதம் நான்கைந்து பார்க்கிறேன்.

பழனிப்பாதை எழுதியது:

அந்த 3,500 ரூபாய் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அதற்காகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 2010-இல் அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் அருமையான பொருள், சிக்னலே தேவைப்படாது, படம் உள்ளேயே இருக்கும். பழனிக்கும் மதுரைக்கும் அதை வைத்தே அப்பா ஒன்பது வருடம் போய் வந்தார். 2019 ஏப்ரலில் ஒரு நாள் தேதி 1999 ஆகஸ்ட் என்று காட்டியது, அதற்குப் பிறகு இடமும் பிடிக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணுகிறது, 1024 வாரம் முடிந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பித்த கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுடையதற்குப் புதுப்பிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்தது.

அது ஓடினாலும் உள்ளே இருப்பது பழைய படம். பொள்ளாச்சி - திண்டுக்கல் நான்குவழிச் சாலையே அதில் இருக்காது, வயலுக்குள் போவதாகக் காட்டும். அப்பா அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார்.

கொண்டைஊசி40 எழுதியது:

உக்கடம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கூகுள் இப்போது இந்திய நகரங்கள் பலவற்றில் மேம்பாலம் வருவதை முன்கூட்டியே சொல்கிறது. 2024-இல் கொண்டுவந்தார்கள். மேப்பல்ஸ் என்ற இந்தியச் செயலி சந்திப்பு வரும்போது எந்த லேனில் நிற்க வேண்டும் என்று பெரிய படமாகவே காட்டும். நகரத்துக்குள் சிக்னல் இருக்கும் என்பதால் உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள். குரலைத் தமிழுக்கு மாற்றினால் திரையைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

போலீஸ் பிடிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஓட்டும்போது முகவரி தட்டுவதுதான் ஆபத்து, அதை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, மலையில் மேப் சொல்வதை எல்லாம் கேட்காதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியைக் குறுக்கு வழி என்று காட்டும். 36 கொண்டை ஊசி, செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை, விடாததற்குக் காரணமான விபத்துகள் நடந்திருக்கின்றன. நேவிகேஷனுக்குத் தூரம் தெரியும், உங்கள் பிரேக் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று தெரியாது. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

அமராவதிக்கரை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

அண்ணி பீரோவிலிருந்து அண்ணனின் பழைய போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மூலையில் கீறல், மற்றபடி நன்றாக இருக்கிறது. ஹோல்டர் 650, சார்ஜரும் கேபிளும் 800. மொத்தம் 1,450 ரூபாய். கியர்மாற்றம் சொன்னபடி அளவும் பார்த்தேன், பெட்டியோடு சேர்த்து 10 செ.மீ. சரியாக இருக்கிறது. தீபாவளி போனஸ் வந்த பிறகு திரை பற்றி யோசிக்கிறேன்.

முதலில் மொட்டை மாடியில் சோதித்தேன். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு நின்றேன். மூன்று நிமிடம் ஒன்றும் வரவில்லை, பயந்துவிட்டேன். அப்புறம் புள்ளி வந்தது, எங்கள் தெருவும் வந்தது. இணையம் இல்லாதபோது முதல் தடவை இப்படி நேரம் எடுக்கும் என்று பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் சொன்னார். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை அவற்றிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டுமாம். அதனால் இப்போதெல்லாம் வண்டியை எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் வைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனோம். அட்டகட்டியில் அதே கடையில் நிறுத்தி, வேண்டுமென்றே செயலியை மூடித் திறந்தேன். படம் அப்படியே இருந்தது. வால்பாறைப் பிரிவில் தமிழில் "வலது பக்கம் திரும்பவும்" என்று அது சொன்னபோது அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தோட்டத்துக்குள் கடைசி இரண்டு கிலோமீட்டர் எதிலுமே இல்லை. தங்கை வீட்டுத் திண்ணையில் நின்று அந்த இடத்தைக் குறித்து, இரண்டு செயலியிலும் சேமித்துவிட்டேன்.

அடுத்த மாதம் சின்னாறு வழியாக மறையூர் போக ஆசை. கேரளப் படத்தையும் இறக்கி வைத்துவிட்டேன். அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா?

கொண்டைஊசி40 எழுதியது:

போயிருக்கிறேன் அக்கா. ரோடு நன்றாக இருக்கும், காடு முழுக்க சிக்னல் இருக்காது. உடுமலையில் டேங்க் நிரப்பிக்கொண்டு காலையில் கிளம்புங்கள். திரும்பும்போது இருட்டுவதற்கு ரொம்ப முன்பே சின்னாறு சாவடியைத் தாண்டிவிடுங்கள். வழியில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும் வரை காத்திருங்கள்.